இன்ஜின் பெல்ட்டைக் கரையிலேயே மாற்றுங்கள்

தடைக்காலம் தொடங்கி ஒரு வாரத்துக்குள் காசிமேட்டில் படகு வேலை சூடுபிடித்துவிடும். கலப்பத்து பார்ப்பது, ஃபைபர் ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, ஷாஃப்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவது, வலை பொத்துவது என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் வேலைக்குக் குறைவிருக்காது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. கூடுதலாகக் கிடைத்த நாட்களில் ஒரே ஒரு நாளை இன்ஜினின் முன்பக்கத்துக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் கேட்பது. இன்ஜின் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூட பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஓடுகிறது, கத்தவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். அறுந்தால் அதற்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும்.

வரிசை எப்படி என்று பாருங்கள். பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின் பலவற்றில் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பும் ஒரே பெல்ட்தான் டைனமோவையும் (இப்போது ஆல்டர்னேட்டர்) தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் போனால் முதலில் சார்ஜ் லைட் எரியும். அடுத்த சில நிமிடங்களில் தண்ணீர் ஓட்டம் நின்று ஹெட் சூடேறும். மீட்டர் முள் உடனே ஏறும் என்று நம்பாதீர்கள்: சூட்டை அளக்கும் முனையைத் தொட்டுத் தண்ணீர் ஓடினால்தான் அது சரியாகக் காட்டும், ஓட்டம் நின்ற பிறகு தாமதமாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும். இன்ஜினை நிறுத்தினாலோ, பேட்டரியில் இருப்பதுதான் மிச்சம். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., விளக்கு, பில்ஜ் பம்ப் எல்லாம் அதிலேயே ஓட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும்; இன்ஜின் நின்ற படகு ஒரு ராத்திரியில் எங்கே போய் நிற்கும் என்று தங்கு கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இது எந்த இன்ஜினுக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம் ஆகிய இடங்களில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் வெளி மோட்டார், அல்லது காற்றில் ஆறும் ஒற்றை சிலிண்டர் டீசல். காற்றில் ஆறும் வகையில் பொதுவாக ஃப்ளைவீலே விசிறி, பெல்ட் கிடையாது. அவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். உள்ளே தண்ணீரால் ஆறும் டீசல் வைத்திருப்பவர்களுக்கு இது. மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் வீடும் காசிமேட்டில் விசைப்படகும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அவர்களுடைய டிரைவர்களுக்கும் முக்கியமாக.

படகுக்குள் டீசல் வைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டு அலுவலகத்தில் இருந்தவர்கள், அலையைத் தாண்டி மணலில் ஏறி நிற்கும் படகுக்கு உள்ளே டீசலும், கரை வந்ததும் தூக்கிவிடக்கூடிய புரொப்பல்லரும் வைத்து 1980-களில் வேலை செய்தார்கள். மணலில் ஏறுகிற படகில் இன்ஜின் வைத்தால் மணலும் உப்புத் தண்ணீரும் புல்லிக்கு வந்துதான் தீரும். கீழே புல்லியைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

கழற்றியதைப் பாருங்கள்

பழைய பெல்ட்டைக் கழற்றியதும் கடலோரத்தில் வீசிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் வழக்கம். அந்தப் பழைய பெல்ட்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. வெயிலில் கொண்டுவந்து, உட்புறம் வெளியே வருமாறு மெல்லத் திருப்பி, விரல் விரலாக நகர்த்திப் பாருங்கள்.

இரண்டு பக்கச் சுவரும் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாக இருந்தால், பெல்ட் வழுக்கி ஓடியிருக்கிறது. லூசாக இருந்திருக்கும், அல்லது அந்த பெல்ட் தாங்குவதற்கு மேல் ஆல்டர்னேட்டர் இழுத்திருக்கும். பழைய 35 ஆம்பியர் டைனமோ இருந்த இடத்தில் இன்வெர்ட்டருக்காகவும் லைட்டுகளுக்காகவும் பெரியதை மாட்டிய படகுகளில் இதை அதிகம் பார்க்கலாம். 13 மி.மீ. ஒற்றை பெல்ட்டை வைத்துக்கொண்டு 100 ஆம்பியரைத் தாண்டப் பார்க்காதீர்கள். அங்கே இரட்டைப் பள்ளப் புல்லி வேண்டும்.

அடிப்பக்கத்தில் குறுக்கே குறுக்கே வெடிப்பு இருந்தால் சூடும் வயதும். இதில் யாருடைய தப்பும் இல்லை, காலம் முடிந்துவிட்டது. ஒரு பக்க ஓரம் மட்டும் பிய்ந்து நூல் தொங்கினால், இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை. புதிய பெல்ட்டும் இதே ஓரத்தில்தான் பிய்யும். ரப்பர் உப்பி, கையில் ஒட்டினால் டீசலோ ஆயிலோ சொட்டுகிறது. மேலே எந்த பைப்பிலிருந்து என்று தேடிப் பிடிக்காமல் புதியதை மாட்ட வேண்டாம். பெல்ட்டின் அடிமட்டம் தேய்ந்து மினுங்கினால் அது பள்ளத்தின் அடியைத் தொட்டு ஓடியிருக்கிறது. வி-பெல்ட் தன் பக்கச் சுவர்களால்தான் பிடிக்கும், அடி தொடவே கூடாது. புல்லி தேய்ந்துபோயிருக்கும், அல்லது அளவு தப்பான பெல்ட்.

ரப்பர் புதுசாகவே இருக்க, உள்ளே நூல் மட்டும் ஒரு இடத்தில் அறுந்து பெல்ட் திடீரென்று போயிருந்தால், மாட்டும்போது யாரோ திருப்புளியை விட்டு நெம்பி ஏற்றியிருக்கிறார்கள். வெளியே தெரியாது. இழுவையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே ஓடும் பாலியெஸ்டர் நூல்கள். அதில் நாலு அறுந்தால் மிச்சம் ஒவ்வொன்றாகப் போகும். சாமான் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களில் பலர் இந்த வகை பெல்ட்டைக் கையில் வைத்திருப்பார்கள்.

புல்லிக்குக் கீழே, இன்ஜின் பெட்டின் மேல், கறுப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட்டை ஏதோ அரைக்கிறது என்று அர்த்தம்.

எங்கே வாங்குவது, என்ன சொல்லி வாங்குவது

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் லாரி சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பிராக்கெட், புல்லி தேவைப்பட்டால் புதுப்பேட்டை. கடையில் முதல் கேள்வியே, ‘லேலண்டாண்ணே, டாடாவா?’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திவிட்டால் தப்பான பெல்ட்டோடு திரும்புவீர்கள். லாரியிலிருந்து படகுக்கு மாறிய இன்ஜினில் ரேடியேட்டரும் விசிறியும் போய்விட்டன. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டை உள்ளூர் வெல்டர் தனக்கு வசதியான இடத்தில் அடித்திருப்பார். அதனால் லாரிக்கான நீளம் உங்கள் படகுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கையில் பழைய பெல்ட், இல்லாவிட்டால் அளவு. இரண்டில் ஒன்று வேண்டும்.

முதுகில் ‘ஏ 42’ என்று இருந்தால், மேல் அகலம் 13 மி.மீ., உள்சுற்று 42 அங்குலம். ‘பி’ என்றால் 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமன். ‘ஏவி 13’ என்று தொடங்கி மில்லிமீட்டரில் நீளம் போட்டிருந்தால் அது வண்டி வகை. அந்த நீளம் வெளிச்சுற்று. உள்சுற்றையும் வெளிச்சுற்றையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. ‘ஏ’ வகையில் இரண்டுக்கும் சுமார் 2 அங்குலம் வித்தியாசம், ‘பி’ வகையில் 2¾.

எழுத்து அழிந்து பெல்ட்டும் அறுந்து காணாமல் போயிருந்தால், புல்லிகளைச் சுற்றி அளக்க வேண்டியதுதான். இதற்குக் கயிறு உதவாது. கயிறு பள்ளத்துக்குள் இறங்கிவிடும், அளவு குறைந்துவிடும். பள்ளத்தை மூடுகிற அகலத்தில் ஒரு பருத்தி நாடாவை எடுங்கள். ஆல்டர்னேட்டரை அதன் நீள ஓட்டைக்கு நடுவில், கொஞ்சம் உள்பக்கம் தள்ளி நிறுத்துங்கள். நாடா புல்லிகளின் விளிம்பின் மேலேயே படிந்து போகுமாறு சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கழற்றித் தரையில் விரித்து அளந்தால் வெளிச்சுற்று கிடைக்கும். 44 அங்குலம் வந்தால் கடையில் கேட்க வேண்டியது ஏ 42.

இரண்டு வாங்குங்கள், ஒரே கம்பெனி, ஒரே எண். ஃபென்னர் பெல்ட் நம் மதுரையில் செய்யப்படுவது, எங்கும் கிடைக்கும். வேறு நல்ல கம்பெனிகளும் உண்டு. எழுத்து மங்கலாக அச்சான, விலை ரொம்பக் குறைவான பெல்ட்டை விட்டுவிடுங்கள். இரண்டு பள்ளப் புல்லியிலோ, வின்ச்சை ஓட்டும் மூன்று நான்கு பெல்ட் வரிசையிலோ ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது குட்டையாக இருக்கும். மொத்தச் சுமையும் அந்தப் புதியதன் தலையில் விழுந்து அதுதான் முதலில் அறும்.

தடைக்காலத்தின் துரு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 காலையில் புது பெல்ட்டோடு கிளம்பிய படகு ஒரே மாதத்தில் பெல்ட்டை மென்று துப்புவது, பெரும்பாலும் புல்லித் துருவினால். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட்டே பள்ளத்தின் சுவரைத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருக்கும். இரண்டு மாதம் உப்புக் காற்றில் சும்மா நின்றால் அந்தச் சுவர் முழுக்கச் செந்துரு ஏறும். அதன் மேல் புது பெல்ட்டை மாட்டி, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றில் ஓட்டினால் அரம் போட்டு அராவுவதுதான்.

ஆகவே பெல்ட் கழன்றிருக்கும்போதே, ஒவ்வொரு புல்லியின் பள்ளத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். 120 நம்பர் போதும். தாளை மடித்துப் பள்ளத்தில் வைத்து, கையால் புல்லியைச் சுற்றியபடி இரண்டு சுவரையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். விரலை விட்டால் சொரசொரப்புத் தெரியக் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இன்ஜின் ரூமில் பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பள்ளத்துக்குள் பெயின்ட் அடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடித்த பெயின்ட் உரிந்து பெல்ட்டில் ஒட்டும்.

ஓர் ஆக்சா பிளேடின் பின்விளிம்பைப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சுவர் நேராக இருந்தால் வெளிச்சம் வராது. நடுவில் குழிந்திருந்தால் கீற்றாக வெளிச்சம் தெரியும். அந்தப் புல்லியை மாற்றித்தான் ஆக வேண்டும், பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

இன்னொரு வேலை பெல்ட் இல்லாத இந்த நேரத்தில் மட்டும்தான் முடியும். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பாடியையும் (தண்ணீர் பம்ப்) கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங். பம்ப் ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, அதன் அடியில் இருக்கும் சின்ன ஒழுகு துளையிலிருந்து துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. பேரிங் இறுகி நின்றால் எந்த பெல்ட்டும் எரிந்துபோகும்.

அடுத்த தடைக்காலத்துக்கு ஒன்று செய்யலாம். படகைக் கட்டியதுமே பெல்ட்டைக் கழற்றி நிழலில் தொங்கவிட்டு, பள்ளங்களில் லேசாக கிரீஸ் பூசிவிடுங்கள். மாட்டும் முன் அதை ஒரு துளி மிச்சமில்லாமல் சோப்புப் போட்டு எடுத்துவிட வேண்டும்.

மாட்டும்போது

பேட்டரி சுவிட்சை அணைத்து நெகட்டிவ் வயரையும் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் எப்போதும் பேட்டரியோடு நேராகச் சேர்ந்தே இருக்கும், ஸ்பானர் பட்டால் தீப்பொறிதான். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். லுங்கியோடு, தோளில் துண்டோடு முன்பக்கம் நிற்க வேண்டாம். மடித்துக் கட்டினாலும் அவிழும். கால்சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள். கழற்றிப் போட்ட பெல்ட் கார்டைத் திரும்ப மாட்டவும் மறக்காதீர்கள். பாதிப் படகுகளில் அது எங்கோ மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, விரல் போவது அதனால்தான்.

மேலே நீள ஓட்டைப் பட்டையின் போல்ட்டை மட்டும் தளர்த்தினால் போதாது. கீழே ஆல்டர்னேட்டர் தொங்கும் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். அதை விட்டுவிட்டுக் கடப்பாரையால் நெம்புவதால்தான் பிராக்கெட் வளைந்து, அதோடு புல்லிகளின் நேரும் கெடுகிறது. ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் முழுக்கத் தள்ளினால் பெல்ட் தானாகவே கழன்று வரும். புதியதும் அதே மாதிரி, கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அளவு தப்பு. திருப்புளியை எடுக்காதீர்கள்.

ஏற்றிய பின் கிராங்க் புல்லி முகத்தோடு ஒரு நேர்ச்சட்டத்தையோ இழுத்துப் பிடித்த நூலையோ வைத்துப் பாருங்கள். 300 மி.மீ. தூரத்துக்கு 2½ மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு சுத்தியலின் மரப்பிடியை ஆல்டர்னேட்டரின் முன்மூடியில், அதாவது புல்லி பக்கத்தில், முட்டுக்கொடுத்து இழுத்துப் பிடித்து மேல் போல்ட்டை முடுக்குங்கள். பின்மூடி மெல்லிய அலுமினியம், நெம்பினால் உடையும். நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் விசிறித் தகட்டை விரலால் தள்ளுங்கள். புல்லி மட்டும் பெல்ட்டுக்குள் வழுக்கினால் இன்னும் லூஸ்.

கத்தாமல் இருக்கட்டும் என்று கம்பி மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள். அது பெல்ட்டைவிட வாட்டர் பாடி சீலுக்கும் டைனமோவின் முன் பேரிங்குக்கும்தான் ஆபத்து. கத்தும் பெல்ட்டில் சோப்பு, குங்கிலியம் தேய்ப்பதும் வேண்டாம். ஒரு மணி நேரம் சத்தம் அடங்கும், காரணம் அங்கேயே இருக்கும்.

முன்பக்கம் வின்ச் ஷாஃப்ட் உள்ள படகு

இழுவைப் படகுகள் பலவற்றில் கிராங்க் புல்லிக்கு முன்னாலிருந்து வின்ச்சுக்கு ஷாஃப்ட் போகிறது. பெல்ட் ஒரு மூடிய வளையம். கப்ளிங்கைக் கழற்றாமல் அதைப் புல்லிக்குள் நுழைக்க வழியே இல்லை. கரையில் அது அரை மணி வேலை. ஆடும் படகில், ராத்திரியில், துருப்பிடித்த நாலு போல்ட்டோடு, சூடான இன்ஜினின் மேல் குனிந்து செய்வது என்றால் அது வேறு கதை.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. கப்ளிங்கைக் கழற்றியிருக்கும்போதே இரண்டு பெல்ட்டையும் ஷாஃப்டுக்குள் நுழைத்துவிடுங்கள். ஒன்று ஓடும். மற்றதைத் தடித்த பாலிதீனில் சுற்றி, சுழலும் எதிலும் உரசாமல் இன்ஜினின் முன் கேஸிங்கை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். கட்டு அவிழ்ந்து தொங்கினால் ஓடுகிற பெல்ட்டோடு சிக்கும், அதனால் இந்த இடத்தில் சோம்பல் கூடாது. கடலில் பெல்ட் அறுந்தால் கட்டை வெட்டி, ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி, மாட்டிக்கொண்டு கிளம்பலாம். ஒவ்வொரு தடைக்காலத்திலும் கட்டி வைத்ததை ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, புதியதைக் கட்டி வையுங்கள். இன்ஜின் சூட்டில் நாலு வருஷம் தொங்கியதை ஸ்பேர் என்று நம்ப முடியாது.

இரண்டு பெல்ட்டும் இல்லாமல் நடுக்கடலில் நிற்க நேர்ந்தால், நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. முடிச்சு புல்லியில் இடிக்கும், நைலான் சூட்டில் உருகும். பக்கத்துப் படகைக் கூப்பிடும் வரைகூட அதை நம்பாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, பேட்டரியை வயர்லெஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இழுத்துப் போக ஆள் கேளுங்கள்.

முதல் ஓட்டம்

புது பெல்ட் முதல் அரை மணி நேரத்தில் பள்ளத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். கட்டிய இடத்திலேயே இருபது முப்பது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆறியதும் மறுபடி கட்டைவிரலை வையுங்கள். பெரும்பாலும் இன்னொரு இழுப்பு தேவைப்படும். முதல் கடல் போய் வந்ததும் மூன்றாவது முறை. ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் படகில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட்டில் அதன் இரட்டிப்பும் காட்ட வேண்டும். லைட்டெல்லாம் போட்டதும் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஆல்டர்னேட்டர் போதவில்லை.

எல்லாம் சரியென்றால் வெள்ளைப் பெயின்ட்டால் பிராக்கெட்டின் மேல் பெல்ட் எண்ணையும் மாட்டிய மாதத்தையும் எழுதுங்கள். டிரைவர் மாறினாலும், படகே கைமாறினாலும், அடுத்து இறங்குகிறவர் டார்ச் அடித்ததும் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும்.